ட்ரெட்மில்லும் பார்க்கும் ஒண்ணுதானா? மரம் இருந்தா உடம்புக்கு தனியா என்ன லாபம்?

மூச்சுவாங்கி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இழை ஆரம்பிக்கறது இதுதான் முதல் தடவை. பிபி கொஞ்சம் ஏறியிருக்கு, மாத்திரை ஆரம்பிச்சாச்சு, டாக்டர் தினமும் நடங்கன்னு சொல்லிட்டார். வீட்ல ட்ரெட்மில் இருக்கு, அதுல ஏறி போனைப் பாத்துக்கிட்டே நடக்கறேன். வீட்டுக்காரம்மா என்னடான்னா "நாலு சுவத்துக்குள்ள நடக்கறதெல்லாம் ஒரு நடையா, பார்க்குக்குப் போங்க, பச்சையைப் பாத்தாலே பாதி நோய் போயிரும்"னு தினமும் இதே பாட்டு. என் கேள்வி ரொம்ப சிம்பிள். நடை நடைதானே, கலோரி கலோரிதானே? மரத்துக்கும் என் பிபிக்கும் என்ன சம்பந்தம்? உருப்படியா ஆராய்ச்சி ஏதாச்சும் இருக்கா, இல்ல இதுவும் வாட்ஸாப் மருத்துவம்தானா? ஃபார்வர்டு மெசேஜ் போடறவங்க தயவுசெஞ்சு வேற இழைக்குப் போயிருங்க.

சும்மாஒருகமெண்ட்:
வீட்டுக்காரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். இழையை மூடிரலாம்.

பிசியோ_ஆள்:
தொழில்ல பிசியோதெரபிஸ்ட், அந்தப் பக்கத்துலேருந்து சொல்றேன். ட்ரெட்மில்ல நடக்கறவரை நடக்காதவங்க யாரும் கிண்டல் பண்ண வேணாம். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு என்னன்னா பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. எந்த இடத்துல நடக்கணும்னு அதுல ஒரு நிபந்தனையும் இல்ல. இதயம் சுவத்தையும் பாக்காது மரத்தையும் பாக்காது, துடிப்பு ஏறுதா இல்லையாங்கறதுதான் அதுக்கு கணக்கு.

ஆனா கலோரி கலோரிதானேன்னு கேட்டீங்களே, அங்கதான் இடிக்குது. ட்ரெட்மில்ல எதிர்க்காத்து கிடையாது, ஓடறவங்க சாய்வை 1% ஏத்தி வெச்சுக்கறது அதுக்காகத்தான். நடக்கற வேகத்துக்கு இது பெரிய விஷயமில்ல, விட்டுருங்க. பெரிய விஷயம் கைப்பிடிதான். கிளினிக்ல நான் பாக்கறதுல நிறைய பேர் முன்னாடி இருக்கற கம்பியைப் புடிச்சு உடம்பை அதுமேல சாச்சுக்கிட்டு நடப்பாங்க, திரையில வேகம் ஜோரா காட்டும், கால் மட்டும் ஆடிக்கிட்டிருக்கும், உடம்புக்குப் போக வேண்டிய பாரத்துல கணிசமான பங்கை கம்பி வாங்கிக்கும். நீங்க போன் பாத்துக்கிட்டே நடக்கறீங்கன்னா இன்னொரு கை எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும் :) வெளிய அப்படிப் புடிக்க எதுவும் கிடையாது. தரையும் ஒரே மட்டமா இருக்காது, ஒரு எடத்துல வேர் முட்டிக்கிட்டிருக்கும், ஒரு எடத்துல சரளை, அப்புறம் கொஞ்சம் ஏத்தம், ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் தன்னை சின்னச் சின்னதா சரி பண்ணிக்கிட்டே வரணும். வயசாகும்போது கீழ விழாம காப்பாத்தறது அந்தப் பழக்கம்தான்.

சந்தேகராசா:
பிசியோ சொன்னது தரையைப் பத்தி, மரத்தைப் பத்தி இல்ல. அது வரைக்கும் ஓகே. ஆனா பச்சையைப் பாத்தா நோய் போகும்ங்கறது எனக்கு எப்பவுமே ஒத்துக்காது. மரம் அடர்த்தியா இருக்கற ஏரியால யார் குடியிருப்பான்? காசு உள்ளவன். அவனுக்கு நல்ல சாப்பாடு, நல்ல வைத்தியம், வேலையில அலைச்சல் கம்மி, அதனால அவன் ஆரோக்கியமா இருக்கான், பக்கத்துல மரமும் நிக்குது, உடனே மரம்தான் காரணம்னு ஒரு கட்டுரை வந்துரும். இன்னொண்ணும் சொல்றேன், தெம்பா இருக்கறவன்தான் பார்க்குக்கே வர்றான், முடியாம படுத்திருக்கறவன் வரமாட்டான். அப்ப பார்க்ல இருக்கற ஆளுங்களை எண்ணிப் பாத்து "ஆஹா எல்லாரும் ஆரோக்கியம்"னா என்ன அர்த்தம்?

நிழல்தேடி:
சந்தேகராசா, நல்ல கேள்வி, இந்தத் துறையில இருக்கறவங்களே தங்களைக் கேட்டுக்கற கேள்விதான் இது. அதுக்காகவே யோசிச்சு செஞ்ச வேலைகளும் இருக்கு, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

பழசுலேருந்து வர்றேன். ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 1984ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு போட்டார். பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரி, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்க. ஒரே மாடி, ஒரே மாதிரி ரூம், ஆனா சில ஜன்னல் வழியா மரங்கள் தெரியும், சில ஜன்னல் வழியா செங்கல் சுவர்தான் தெரியும். வயசு, பாலினம், புகைப்பழக்கம் எல்லாம் பொருத்தி 23 ஜோடி எடுத்தார். மரம் தெரிஞ்சவங்க சராசரியா 7.96 நாள்ல வீட்டுக்குப் போனாங்க, சுவர் தெரிஞ்சவங்க 8.70 நாள். வீரியமான வலி மருந்தும் மரம் பாத்தவங்களுக்கு கம்மியாத்தான் தேவைப்பட்டுது. இங்க யாரும் வாக்கிங் போகல, காசு பாத்து ரூம் எடுக்கல, காலியா இருந்த ரூம்ல போட்டாங்க அவ்வளவுதான். சின்ன ஆய்வு, ஒத்துக்கறேன், 46 பேர்தான்.

அடுத்தது பெருசு. அமெரிக்காவுல 2002ல ஆஷ் மரத்தைத் தின்னற ஒரு மரகதப் பச்சை வண்டைக் கண்டுபுடிச்சாங்க, கப்பல் சரக்கோட வந்திருக்கும்னு சொல்றாங்க. அது போன எடத்துலெல்லாம் தெருத் தெருவா மரம் செத்துச்சு. ஜெஃப்ரி டோனவன்ங்கறவரும் கூட இருந்தவங்களும் 2013ல 15 மாநிலக் கணக்கை எடுத்துப் பாத்தா, வண்டு வந்த மாவட்டங்கள்ல இதயநோய்ச் சாவும் நுரையீரல் சாவும் மத்த எடத்தைவிட ஏறியிருக்கு, ரெண்டும் சேத்து கூடுதலா 21 ஆயிரம் பேருக்கு மேல. வண்டு ஏழை தெரு பணக்காரத் தெருன்னு பாத்துப் போகல. இன்னும் சொல்லப்போனா வசதியான எடத்துலதான் பாதிப்பு கூடத் தெரிஞ்சுது, அங்கதான் இழக்கறதுக்கு மரம் இருந்துச்சு.

அப்பவும் இது கணக்குதானே, சோதனை இல்லையேன்னு கேப்பீங்க. சரி, ஃபிலடெல்ஃபியா. குப்பை மேடாக் கிடந்த காலி மனைங்க 541ஐ சீட்டுக் குலுக்கற மாதிரி மூணு பங்கா பிரிச்சாங்க. ஒரு பங்குல குப்பையை அள்ளி, மண்ணைச் சமன்படுத்தி, புல் விதைச்சு, ஒண்ணு ரெண்டு மரம் நட்டு, இடுப்பளவுக்கும் கம்மியா ஒரு கட்டை வேலி போட்டாங்க, அவ்வளவுதான், ஒண்ணும் ஆடம்பரம் கிடையாது. இன்னொரு பங்குல குப்பை மட்டும் அள்ளினாங்க. மூணாவதை அப்படியே விட்டாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சுப் பாத்தா, பசுமையாக்கின மனைக்குப் பக்கத்துல இருந்தவங்க கிட்ட மனசு சோர்ந்து போகுதுன்னு சொல்றது, ஒண்ணும் செய்யாத எடத்தோட ஒப்பிட்டா 41.5% கம்மி. குப்பை மட்டும் அள்ளின எடத்துல அப்படி ஒரு மாத்தம் தெளிவாத் தெரியல. 2018ல வந்துச்சு. யார் எங்க குடியிருக்காங்கங்கற உங்க வாதம் இங்க நிக்காது, ஏன்னா யாரும் எடம் மாறல, அவங்க பக்கத்து மனைதான் மாறுச்சு.

சும்மாஒருகமெண்ட்:
இது பதிவா ஆய்வறிக்கையா. டீ ஆறிப்போச்சு.

சந்தேகராசா:
ஃபிலடெல்ஃபியா நல்லா இருக்கு, அதை எடுத்துக்கறேன். ஆனா அது மனசோர்வு, அதுவும் அவங்களே வாயால சொன்னது. இழை ஆரம்பிச்சவர் கேட்டது பிபி. அப்புறம் இந்த "வாரத்துக்கு 120 நிமிஷம் இயற்கையில இருந்தாப் போதும்"ங்கறதை ஊர்ல எல்லாரும் வேதவாக்கு மாதிரி சொல்றாங்களே, அதையும் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. 2019ல இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20 ஆயிரம் பேர் கிட்ட போன வாரம் எவ்வளவு நேரம் வெளிய இயற்கையில இருந்தீங்க, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்தவங்க நல்லா இருக்கேன்னு சொன்னது அதிகம். அது ஒரே ஒரு சமயத்துல எடுத்த கணக்கெடுப்பு, உடம்பு நல்லா இருக்கறவன் ரெண்டு மணி நேரம் சுத்துவான், அவ்வளவுதானே?

நிழல்தேடி:
அதுல சுவாரசியமான ஒண்ணை விட்டுட்டீங்க. நாள்பட்ட நோய், ஊனம் இருக்கறவங்களைத் தனியா எடுத்துப் பாத்தப்பவும் அதே போக்குதான் வந்துச்சு. 120 நிமிஷத்தை ஒரே மூச்சுல போனாலும் பிச்சுப் பிச்சுப் போனாலும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா 120ங்கறது மருந்து டோஸ் மாதிரி இல்ல, 119ல பலன் இல்லாம 121ல வந்துராது, அதுல உங்ககூட ஒத்துப்போறேன்.

ரெண்டுபுள்ளஅம்மா:
எல்லாரும் பெரியவங்களைப் பத்தியே பேசறீங்க, பசங்களைப் பத்தி யாராவது சொல்லுங்களேன். பெரியவனுக்கு கண்ணாடி போட்டாச்சு, நம்பர் ஏறிக்கிட்டே போகுது, கண் டாக்டர் வெளிய விளையாட விடுங்கன்னாங்க. கண்ணுக்கும் வெளிய விளையாடறதுக்கும் என்ன இருக்கு, பச்சையைப் பாத்தா கண்ணுக்குக் குளிர்ச்சிங்கறாங்களே அதுவா?

கண்ணாடிக்காரன்:
இல்லம்மா, பச்சை கலர் இல்ல, வெளிச்சம். வீட்டுக்குள்ள நமக்கு நல்ல வெளிச்சம்னு தோணற எடத்துல அளந்து பாத்தா 300, 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) வரும். வெளிய பகல்ல பத்தாயிரத்துக்கு மேல போகும், நல்ல வெயில்னா லட்சத்தைத் தொடும், மர நிழல்ல நின்னாக்கூட வீட்டை விட பல மடங்கு. நம்ம கண் தன்னைச் சரிபண்ணிக்கறதால நமக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அந்த வெளிச்சம் பட்டா விழித்திரையில டோபமைன்ங்கற ரசாயனம் சுரக்குது, கண்ணுருண்டை தேவைக்கு மேல நீளமா வளர்றதை அது தடுக்குதுன்னுதான் இப்ப பெரும்பாலும் நம்பறாங்க. கிட்டப்பார்வைன்னா கண்ணுருண்டை நீண்டு போறதுதானே.

சீனாவுல குவாங்சோவுல 12 ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் பசங்களை வெச்சு செஞ்சாங்க, பாதி ஸ்கூல்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு புதுசா கிட்டப்பார்வை வந்தது அங்க 30.4%, மத்த ஸ்கூல்ல 39.5%. தைவான்ல 2010லேருந்து தினமும் 120 நிமிஷம் பசங்க வெளிய இருக்கணும்னு திட்டமே நடத்தறாங்க. ஆனா ஒண்ணு, இது முக்கியமா வர்றதைத் தடுக்கத்தான், ஏற்கெனவே வந்த நம்பர் இறங்காது. சின்னவனை இப்பவே விட்டுருங்க. தொப்பி போட்டு விட்டாலும் வெளிச்சம் போதும், சூரியனை நேராப் பாக்கக் கூடாது.

ரெண்டுபுள்ளஅம்மா:
ரொம்ப நன்றிங்க. ட்யூஷனை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சாப் போதும் போல.

மூச்சுவாங்கி:
இழை நல்லாப் போகுது, ஆனா என் பிபி எங்க போச்சு?

பிசியோ_ஆள்:
இதோ வர்றேன். உங்க கேள்விக்கு ரொம்பக் கிட்ட வர்றது லண்டன் சோதனை, 2018ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. 60 வயசுக்கு மேல உள்ளவங்க 119 பேர், சிலர் நல்லா இருக்கறவங்க, சிலருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, சிலருக்கு இதயநோய். அவங்களையே ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்ல ரெண்டு மணி நேரம், இன்னொரு நாள் ஹைட் பார்க்ல ரெண்டு மணி நேரம் நடக்க விட்டாங்க. ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்ல அப்ப டீசல் பஸ்ஸும் டாக்ஸியும்தான் ஓடுச்சு. பார்க்ல நடந்தப்ப நுரையீரல் திறன் ஏறுச்சு, ரத்தக்குழாயோட விறைப்பு கொறஞ்சுது, அது மறுநாள் வரைக்கும் நின்னுச்சு. புகைத் தெருவுல நடந்தப்ப அந்த லாபத்துல பெரும்பகுதி காணாமப் போச்சு. அதே ஆளு, அதே நேரம், அதே நடை.

கவனிங்க, இது மரம் செஞ்ச மாயம்னு நான் சொல்லல. சுத்தமான காத்து செஞ்சது. அதனால உங்க ட்ரெட்மில் இருக்கற ரூம் காத்தோட்டமா இருந்தா, மெயின்ரோடு ஓரமா நடக்கறதை விட அது எவ்வளவோ மேல். பார்க் நடுவுல நடந்தா அதைவிட நல்லது, பார்க்கோட வெளிச்சுத்துல ரோட்டை ஒட்டியே நடந்தா பாதி பிரயோஜனம்தான்.

இரவுஷிப்ட்:
காலை நடை தூக்கத்துக்கு நல்லதுன்னு எங்க பாத்தாலும் எழுதறாங்க, என்னை மாதிரி விடியக்காலை வேலை முடிச்சு வர்ற ஜென்மங்களுக்கு?

நிழல்தேடி:
உங்களுக்கு அது தலைகீழ். காலை வெளிச்சம் உடம்புக் கடிகாரத்துக்கு "விடிஞ்சாச்சு"ன்னு சொல்லும், தூக்கத்தைக் கொண்டுவர்ற மெலடோனினை அமுக்கிரும். ராத்திரி தூங்கறவங்களுக்கு அது வரம். நீங்க ஷிப்ட் முடிச்சு வரும்போது கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு நேரா வந்து படுத்துருங்க, தூங்கி எழுந்ததும் சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே வெளிய போயிட்டு வாங்க. ட்ரைவ் பண்ணி வர்றவரா இருந்தா, தூக்கக் கலக்கத்துல கூலிங்கிளாஸ் வேணாம், அது ஆபத்து.

மூக்கடைப்பு:
ஆஸ்துமாக்காரன் சார்பா ஒரு எதிர்ப்பு. மகரந்த சீசன்ல பார்க்குக்குப் போனா எனக்கு லாபமெல்லாம் இல்ல, இன்ஹேலர்தான். உயரமான புல்லுல உண்ணி இருக்கும், தண்ணி தேங்கின எடத்துல கொசு. இதையெல்லாம் ஒருத்தரும் எழுதமாட்டேங்கறீங்க.

பிசியோ_ஆள்:
நியாயம். மழை பெஞ்சு ஓஞ்சப்புறம் போனா மகரந்தம் பெரும்பாலும் அடங்கியிருக்கும், ஆனா இடி மின்னலோட வர்ற மழை சில ஆஸ்துமாக்காரங்களுக்கு இன்னும் மோசம், அன்னைக்கு வீட்டுக்குள்ளயே இருங்க. அப்புறம் மூச்சுவாங்கி, உங்களுக்கு ஒண்ணு. பிபி மாத்திரையில நீர் பிரிக்கற வகைன்னு ஒண்ணு இருக்கு, அது எடுத்தா வெயில்ல சீக்கிரம் தண்ணி வத்தி தலை சுத்தும். எந்த வகைன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, உச்சி வெயில்ல நடக்காதீங்க.

பயந்தவள்னுசொல்லாதீங்க:
நல்ல இழை, ஆனா படிக்கப் படிக்க கடுப்புதான் வருது. "பார்க்குக்குப் போங்க"ன்னு சொல்றது ஈஸி. எங்க பக்கத்துல இருக்கற பார்க்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாதி விளக்கு எரியாது, புதரை யாரும் வெட்டறதில்ல, கழிப்பறைக்குப் பூட்டு. வேலை முடிச்சு வர்ற பொம்பளை எப்ப நடப்பா? புகார் குடுத்தா வாங்கிக்கறாங்க, அதோட சரி. இயர்போன் மாட்டிக்கிட்டு நடக்கலாம்னா பின்னாடி யார் வர்றான்னு கேக்கணுமே. உங்க ஆராய்ச்சியில மரத்தைப் பாத்து மனசு லேசாகுதுன்னு வருது, எனக்கு அங்க மனசு லேசாகல, நெஞ்சுதான் அடிச்சிக்குது. நான் ஜிம்முக்குப் பணம் கட்டி ட்ரெட்மில்ல நடக்கறேன், அதுக்கு யாரும் எனக்கு வகுப்பெடுக்க வேணாம்.

சந்தேகராசா:
இந்த இழையிலயே உருப்படியான பதிவு இதுதான்.

நிழல்தேடி:
முழுசா ஒத்துக்கறேன். பயமில்லாம இருக்க முடிஞ்சாத்தான் எடம் வேலை செய்யும். இதுல கசப்பான விஷயம் என்னன்னா, பசுமையால அதிக லாபம் யாருக்கோ அவங்களுக்குத்தான் அது கிடைக்கறதில்ல. 2008ல மிட்செல், போஃபம்னு ரெண்டு பேர் இங்கிலாந்து முழுக்க பாத்தாங்க, பசுமை அதிகமா உள்ள பகுதிகள்ல ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவுல சாவு விகிதத்துல இருக்கற இடைவெளி கம்மியா இருந்துச்சு. சந்தேகராசா, நீங்க முதல்ல சொன்னதுக்கு இதுவும் சேத்துக்கங்க.

அதோட எந்தப் பச்சைங்கறதும் முக்கியம். ஆஸ்திரேலியாவுல 46 ஆயிரத்துக்கு மேல ஆளுங்களை சுமார் ஆறு வருஷம் தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு 2019ல வந்துச்சு. வீட்டைச் சுத்தி 30%க்கு மேல மரக்கவிகை, அதாவது மேல மரக்கிளை மூடியிருக்கற பரப்பு, இருந்தவங்களுக்கு மன நெருக்கடி புதுசா வர்ற வாய்ப்பு 31% கம்மி. வெறும் புல்தரைக்கு அந்தப் பலன் தெரியல. மரத்தை வெட்டிட்டு புல்லைப் போட்டு வேலி கட்டி "புல்லில் நடக்காதீர்"னு போர்டு மாட்டறாங்களே, அவங்ககிட்ட யாராவது இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க.

சும்மாஒருகமெண்ட்:
எனக்கு மரம் புடிக்கும் ஆனா காலையில எழுந்திருக்கப் புடிக்காது, வெளிய வேற குளிருது. புடிக்காம நடந்தா பலன் உண்டா?

நிழல்தேடி:
வேடிக்கையா கேட்டாலும் பதில் இருக்கு. மிச்சிகன்ல 2008ல ஒரு ஆய்வு, ஆளுங்களை மரத்தோட்டத்துல ஒரு தடவை, நகர நடுவுல ஒரு தடவை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நடக்க விட்டு, எண்களைத் தலைகீழா திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. மரத்தோட்டம் போயிட்டு வந்தா மார்க் ஏறுச்சு, நகர நடுவுல அந்த அளவுக்கு ஏறல. ஜனவரி குளிர்ல போனவங்க நல்லாவே இல்லன்னு புலம்பினாங்க, மார்க் மட்டும் அப்பவும் ஏறுச்சு. ரோட்டுல ஹாரன், சிக்னல், எதிர்ல வர்ற வண்டின்னு கவனம் செலவாகிக்கிட்டே இருக்கு, இலை அசையறதைப் பாக்க ஒரு கவனமும் தேவையில்ல, அந்த நேரத்துல மூளை ஓய்வெடுக்குதுன்னு விளக்கம் சொல்றாங்க.

சந்தேகராசா:
விளக்கம்தான், நிரூபணம் இல்ல. ஆனா சரி. ஜப்பான்ல 1982லேருந்து சொல்ற காட்டுக்குளியல் (காட்டுக்குள்ள நிதானமா நேரம் கழிக்கறது), மரம் விடற வாசனையில எதிர்ப்பு சக்தி ஏறுதுங்கறதை மட்டும் என்கிட்ட கொண்டு வராதீங்க, பத்துப் பன்னெண்டு பேரை வெச்சு செஞ்சதெல்லாம் எனக்கு ஆதாரம் இல்ல.

நிழல்தேடி:
அதை நானும் கொண்டுவரல பாருங்க.

மூச்சுவாங்கி:
சரி மக்களே, எனக்குப் புரிஞ்சது இது. பிபிக்கு நடை முக்கியம், அது எங்கயும் நடக்கலாம். மனசுக்கும் கவனத்துக்கும் மரம் கூடுதலா குடுக்குது. கண்ணுக்கும் தூக்கத்துக்கும் வெளிச்சம். நுரையீரலுக்கு புகை இல்லாத எடம். அப்ப ட்ரெட்மில்ல வித்துரட்டுமா? வீட்டுக்காரம்மா ஏற்கெனவே ஆள் பாத்து வெச்சிருக்காங்க.

பிசியோ_ஆள்:
விக்காதீங்க. மழை நாள், புகை மூட்டமான நாள், வெயில் கொளுத்தற நாள் அது வேணும். மத்த நாள்ல வெளிய போங்க, பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது, அந்த வேகம் வெச்சுக்கங்க. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தாடைக்கு ஏர்ற வலியோ வந்தா "கொஞ்சம் உக்காந்தா சரியாயிரும்"னு இருக்காம உடனே ஆஸ்பத்திரி. ட்ரெட்மில்ல ஏர்ற நாள்ல தயவுசெஞ்சு அந்தக் கம்பியை விட்டுருங்க.

மூச்சுவாங்கி:
கம்பியை விட்டா போனை ரெண்டு கையால புடிக்கலாம்னு சொல்றீங்க.

பிசியோ_ஆள்:
இந்த ஆளை பார்க்குக்கே அனுப்புங்கம்மா.